‘ண’ எழுதப் போதுமான புள்ளிகள்

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நாட்டின் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. தொடங்கி வைத்தவர் அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங். அதில் தமிழைத் திரையில் தெரியச் செய்த உழைப்பு எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியுடையது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ போன்றோர் அவருக்குத் தோள்கொடுத்தார்கள். தமிழ் இணையத்தின் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு வந்துதான் போவார்கள். எழுத்துரு, குறியீட்டு முறை, விசைப்பலகை என்று பேச நிறைய இருக்கிறது. அந்த எழுத்து வாசகர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

அன்றைய மேசைகளில் இருந்தவை கனத்த கண்ணாடிக் குழாய்த் திரைகள். குழாயின் பின்கழுத்திலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை நொடிக்கு 60, 70 தடவை மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடும். அது தொட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து, கற்றை மறுபடி வந்து சேர்வதற்குள் மங்கிவிடும். 60 தடவை ஓடும் திரையில் அந்த மினுமினுப்பு பலருக்குக் கண்ணோரத்தில் நன்றாகவே தெரியும். எழுத்தின் விளிம்புகள் சற்றே கரைந்திருக்கும். போதாக்குறைக்கு எதிரே உள்ள ஜன்னலும் குழல்விளக்கும் வளைந்த கண்ணாடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1999இல் மறைந்த கோவிந்தசாமி தட்டைத் திரைகள் வீடுதோறும் வந்ததைப் பார்க்கவில்லை.

இன்று மினுமினுக்கும் குழாய் இல்லை, விளிம்பும் கரையவில்லை. ஆனால் கண் வலிக்கிறது என்று சொல்பவர்கள் குறைந்தபாடில்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து சுங்கை ரோட்டைத் தாண்டி நடந்தால் சிறிது நேரத்தில் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். மானிட்டர் வாங்கப் போகிறவரிடம் அங்கே முதலில் கேட்கப்படுவது, “கேமிங்கா, ஆபீஸா?” கேமிங் என்றால் ஹெர்ட்ஸ் கணக்கும் மில்லிநொடிக் கணக்கும் கொட்டும். ஆபீஸ் என்றால் விலை குறைந்த ஒன்றைக் கைகாட்டுவார்கள். “பெரும்பாலும் வாசிக்கத்தான்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கென்று தனி அலமாரி கிடையாது. “அப்ப ஐபிஎஸ் எடுத்துக்குங்க அண்ணே, கண்ணுக்கு நல்லது” என்று பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பதிலில் பாதி உண்மை. மறுபாதியைப் புரிந்துகொள்ள ஐபிஎஸ் என்பது என்ன, அது எதைச் சரிசெய்யப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

1888இல் பிராகா நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அது 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கல் நீராயிற்று. இன்னும் சூடேற்றியபோது 178.5 பாகையில் திடீரெனத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை இருப்பது விந்தை. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். அந்நிலையில் மூலக்கூறுகள் நீரைப் போல ஓடும். அதே நேரம் படிகத்தைப் போல ஒரே திசை பார்த்து நிற்கும். (திருச்சிராப்பள்ளியில் சி. வி. ராமன் பிறந்ததும் இதே 1888இல்தான். அவர் குடும்பத்துக்கும் இந்தக் கலங்கல் நீருக்கும் ஏற்பட்ட உறவைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.)

நீள்குச்சி வடிவ மூலக்கூறுகளை மின்னழுத்தத்தால் திருப்பலாம், அவை திரும்பும்போது அவற்றின் வழியே போகும் ஒளியின் தளமும் திரும்பும். திரையின் அடிப்படை இவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு தளவிளைவுத் தகடுகள், நடுவே சில மைக்ரோமீட்டர் தடிப்பில் திரவப் படிகம், எல்லாவற்றுக்கும் பின்னால் விளக்கு. தளவிளைவுக் கறுப்புக் கண்ணாடி அணிந்து மானிட்டர் முன் நின்று தலையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுபோகும். வெளியே வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

டிஎன், ஐபிஎஸ், விஏ என்ற மூன்று பேனல் வகைகளும் வேறுபடுவது அந்தக் குச்சிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதில்தான். சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளில் மாடி ஜன்னல்களுக்குச் சாய்வுப் பலகைகள் வைத்திருப்பார்கள். பலகை பாதி திறந்திருக்கும்போது தெருவில் நிற்பவருக்கு உள்ளே உத்தரம் தெரியும், எதிர்மாடிக்காரருக்குத் தரை தெரியும், நேர் எதிரே இருப்பவருக்கு வேறொன்று தெரியும். 1970களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாசெலில் மார்ட்டின் ஷாட், வுல்ஃப்காங் ஹெல்ஃபிரிக் இருவரும் உருவாக்கிய டிஎன் அமைப்பின் குறை இதுவேதான். மின்னழுத்தம் இல்லாதபோது குச்சிகள் ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குப் போவதற்குள் கால்வட்டம் முறுக்கிக்கொண்டு கிடக்கும்; ஒளி வெளியேறும். மின்னழுத்தம் முழுதாக ஏறினால் நிமிர்ந்து நிற்கும், ஒளி அடைபடும். முழு வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் இது போதும். சாம்பல் நிறத்துக்குத்தான் வம்பு. பாதி நிமிர்ந்த குச்சி, பாதி திறந்த சாய்வுப் பலகை. மேலிருந்து பார்த்தால் வெளிறும், கீழிருந்து பார்த்தால் இருண்டு, சில சமயம் நிறமே தலைகீழாகும். பெரிய டிஎன் திரையில் நேரே உட்கார்ந்திருந்தாலும் மேல்வரிசையும் கீழ்வரிசையும் வேறு வேறு கோணத்தில்தான் கண்ணுக்கு வருகின்றன. எனவே ஒரே சாம்பல் எழுத்து மேலே அடர்ந்தும் கீழே வெளிறியும் தெரியும்.

இந்த இடத்தில் ராமன் குடும்பம் வருகிறது. ராமனின் சகோதரி மகன் சி. சந்திரசேகர் (நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பெற்ற சந்திரசேகர் வேறு, அவரும் இதே குடும்பம்தான் என்பதால் பலர் குழம்பிவிடுவார்கள்) பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். அதுவரை திரவப் படிகம் என்றாலே மூலக்கூறு குச்சி வடிவில் இருக்க வேண்டும் என்ற எண்ணமே நிலவியது. 1977இல் அவரும் பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் இருவரும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். அவை தட்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித் தூண்களாக நிற்கின்றன. அப்போது அது தூய ஆய்வு. யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் விடை சொல்ல முடிந்திராது. 1990களின் நடுவில் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் தட்டு மூலக்கூறுகளைக் கொண்டு ஒரு மெல்லிய படலம் செய்து டிஎன் திரைகள்மீது ஒட்டியது. நிமிர்ந்த குச்சிகள் சாய்கோணத்தில் செய்யும் கோளாறுக்கு நேர்மாறான கோளாறைத் தட்டுகள் செய்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்ட, பார்வைக் கோணம் விரிந்தது. மலிவான தட்டைத் திரை அலுவலக மேசைகளைப் பிடித்ததில் அந்தப் படலத்துக்குப் பெரிய பங்குண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவரின் ஆய்வு, பெயர் சொல்லப்படாமல், எத்தனையோ மேசைகளில் இருந்திருக்கிறது. நம் பாடநூல்கள் ராமனோடு நின்றுவிடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

படலம் ஒட்டுப்போட்ட தீர்வு. மூலத் தீர்வை 1996இல் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுதான் ஐபிஎஸ். மின்முனைகள் இரண்டையும் ஒரே கண்ணாடியில் வைத்துவிட்டால் குச்சிகள் நிமிராமல், படுத்த வாக்கிலேயே பக்கவாட்டில் திரும்பும். நிமிர்தல் இல்லை என்பதால் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறுவதும் பெருமளவு இல்லை. அதே காலத்தில் ஃபூஜிட்சு விஏ முறையை வளர்த்தது. அதில் குச்சிகள் ஓய்வு நிலையிலேயே செங்குத்தாக நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் சாயும். செங்குத்தாக நிற்கும் குச்சி ஒளியைக் கிட்டத்தட்ட தொடுவதே இல்லை என்பதால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஐபிஎஸ்ஸில் வழக்கமாக 1000க்கு 1, விஏயில் 3000க்கு 1 அளவில் வரும். சாய்வின் கோளாறைக் குறைக்க ஒரே புள்ளியைப் பல பகுதிகளாகப் பிரித்து வெவ்வேறு திசைகளில் சாய விடுகிறார்கள். ஆனாலும் பக்கத்திலிருந்து பார்த்தால் நிழல் பகுதிகள் வெளிறும்.

நான்காவது வகை ஓஎல்இடி. 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட கண்டுபிடிப்பின் வழிவந்தது. இதில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டுமானால் புள்ளி அணைந்துவிடும்.

படம் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடுகள் மெய்யானவை. பட்டுப்புடவைக் கடையில் வாடிக்கையாளரும் விற்பனையாளரும் ஒரே திரையை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஏ திரையில் அரக்கு நிறம் ஒருவருக்கு அரக்காகவும் மற்றவருக்குச் செங்கல் நிறமாகவும் தெரிய வாய்ப்புண்டு. திருமண ஆல்பம் வடிவமைப்பவருக்கு இன்னும் பெரிய சிக்கல். மண்டப விளக்கில் எடுத்த படங்களில் நம்மவர் முகங்கள் பெரும்பாலும் நிழலும் இடைநிறமுமாகத்தான் பதியும். கோணம் சற்று மாறினாலே விஏ பேனல் பிறழ்வதும் அதே நிறப்பகுதியில்தான். நேரே பார்க்கும்போது கன்னத்து நிழல் கறுப்போடு சேர்ந்துகொள்ளும், நாற்காலியைத் தள்ளிப் போட்டால் வெளிறும். எந்த அளவுக்கு வெளிச்சம் கூட்டுவது என்று முடிவெடுக்கவே முடியாது. அந்த வேலைக்கு ஐபிஎஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இரவில் விளக்கணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு விஏயும் ஓஎல்இடியும் ஏற்றவை. ஐபிஎஸ்ஸின் கறுப்பு அந்த இருட்டில் சாம்பலாக மினுங்கும், மூலைகளில் வெளிறிய படலம் ஒன்று தெரியும்.

வாசிப்புக்கு வருவோம். கடை அட்டைகளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அந்த வெள்ளை-கறுப்பு விகிதம் வாசிப்பவருக்கு எவ்வளவு உதவுகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். அலுவலக மேசைக்குப் பரிந்துரைக்கப்படும் வெளிச்சம் 500 லக்ஸ். வெள்ளைத்தாள் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். 500ஐ 0.8ஆல் பெருக்கிப் பையால், அதாவது 3.14ஆல், வகுத்தால் 127. ஆக, அந்த மேசைமேல் கிடக்கும் தாளின் ஒளிர்வு 127 நிட். திரையும் அதே அளவில் இருந்தால் கண் தாளுக்கும் திரைக்கும் மாறி மாறிப் போகையில் சிரமப்படாது. திரையை 120 நிட்டில் வைப்பதாகக் கொள்வோம். ஐபிஎஸ்ஸின் கறுப்பு 0.12 நிட், விஏயின் கறுப்பு 0.04 நிட். மூன்று மடங்கு வேறுபாடு, பெரிதாகத்தான் தோன்றும். ஆனால் அறையின் வெளிச்சம் திரைமேலும் விழுகிறதே. செங்குத்தாக நிற்கும் திரைமேல் 300 லக்ஸ் விழுந்து, அதில் ஒரு விழுக்காடு சிதறித் திரும்பினால்கூடக் கறுப்போடு ஏறத்தாழ 1 நிட் சேர்ந்துவிடும். இப்போது ஐபிஎஸ்ஸின் விகிதம் 108, விஏயின் விகிதம் 116, ஓஎல்இடியின் விகிதம் சுமார் 121. ஆயிரமும் மூவாயிரமும் முடிவிலியும் விளக்கைப் போட்டதும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன. நாளிதழ்த் தாளில் மைக்கும் தாளுக்கும் உள்ள விகிதமோ பத்தை ஒட்டித்தான் இருக்கும். அதைத்தான் தாத்தாக்கள் காலை முழுக்க உட்கார்ந்து படித்தார்கள்.

வாசிப்பவருக்கு அந்தக் கணக்கில் உதவுவது 127 என்ற எண்தான். பல மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வெளிவரும்போதே 250, 300 நிட்டில் இருக்கும். கடையின் கண்கூசும் விளக்கில் பக்கத்து மானிட்டரைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டாமா? அதை அப்படியே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்து, இரவில் 120 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்தால், அங்கே தாளின் ஒளிர்வு 30 நிட். திரை தாளைப் போலப் பத்து மடங்கு ஒளிர்கிறது. கண் வலிக்கிறது என்று பேனலைத் திட்டுபவர்களில் எத்தனையோ பேருக்குத் தேவைப்படுவது திரைக்குக் கீழே உள்ள ஒரு பொத்தான். திரைக்குப் பக்கத்தில் ஒரு தாளைப் பிடித்து இரண்டும் ஒத்துப்போகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும், பழகிவிடும்.

அடுத்து எழுத்தின் உருவம். ஆங்கில எழுத்தை வைத்துச் செய்த பரிந்துரைகள் தமிழ் வாசகருக்குச் சற்றுக் குறைவாகவே பொருந்தும் என்பது என் கட்சி. ‘ண’ என்ற எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஐந்தாறு இடங்களிலாவது அதன் கிளைகள் கோட்டை வெட்டும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு புள்ளி, கிளைகளுக்கு நடுவே உள்ள வெளிக்கு ஒரு புள்ளி என்று மிகக் குறைந்த கணக்கில் வைத்தாலும் பத்துப் பதினோரு புள்ளி அகலம் வேண்டும். சாதாரணத் திரையில் வழக்கமான அளவு எழுத்துக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு புள்ளி தவறினால் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள வேறுபாடு கலங்கிப்போகும். மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளிக்குத் திரையில் ஒரே ஒரு படப்புள்ளியோ இரண்டோதான் ஒதுக்கப்படுகிறது. நமக்குச் சொல் பழகியிருப்பதால் மூளை நிரப்பிக்கொள்கிறது. அந்த நிரப்பல் வேலை இலவசமல்ல. நாள் முழுக்கச் செய்தால் சோர்வு வரும்.

நல்ல கண் பாகையில் அறுபதில் ஒரு பங்கை, அதாவது ஒரு கோண நிமிடத்தைப் பிரித்தறியும். 60 செ.மீ. தொலைவில் அது 0.17 மில்லிமீட்டர். பரவலாக விற்கும் 24 அங்குல முழு எச்டி திரையில் ஒரு புள்ளி சுமார் 0.28 மி.மீ.; கண்ணால் படிக்கட்டைப் பார்க்க முடியும். அதே 1080 வரியை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 0.31 மி.மீ. இதுதான் வாசகருக்கு மிக மோசமான பேரம். “பெருசா இருந்தா கண்ணுக்கு நல்லதுதானே” என்று வாங்கிப் போகிறவர்களும் அதிகம். 27 அங்குல 4கே திரையில் புள்ளி 0.155 மி.மீ.; கண்ணின் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கே ‘ண’வின் வளைவுகள் அச்சில் போலவே வளைந்து நிற்கும். தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்திரட்டில் தேடிப் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். அகலத்தாள் நாளிதழின் ஒரு பக்கம் சுமார் 55 செ.மீ. உயரம். முழுப் பக்கத்தையும் 1080 வரித் திரைக்குள் அடக்கினால் 9 பாயின்ட் அளவு எழுத்துக்கு ஆறு வரிதான் கிடைக்கும். தலைப்பு மட்டும் தெரியும், செய்தி எறும்பு வரிசையாகிவிடும். 4கே திரையில் பன்னிரண்டு வரி, தக்கிமுக்கியாவது படித்துவிடலாம். ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் அளந்து, எந்தப் பத்தி எதன் அருகில் இருக்கிறது என்று பார்த்து வாசிக்கும் பழைய பழக்கம் அங்கே மறுபடி கைகூடுகிறது.

குறைந்த புள்ளியில் கூடுதல் உருவம் காட்ட மைக்ரோசாஃப்ட் 1998இல் ஒரு தந்திரம் அறிவித்தது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று துண்டுகள். எழுத்தை வரையும்போது புள்ளியை முழுதாக ஏற்றி இறக்காமல் துண்டு துண்டாகப் பயன்படுத்தினால் குறுக்கு வாட்டில் மூன்று மடங்கு நுணுக்கம் கிடைக்கும். கிளியர்டைப் என்று பெயர். உயரத்தில் இந்த லாபம் இல்லை. எனவே ‘ண’வின் கிளைகள் தெளிந்தன, ‘கூ’வின் கீழ்ச்சுழியும் மெய்யின் மேற்புள்ளியும் பழைய நிலையிலேயே நின்றன.

பேனல் வகை வாசிப்போடு நேராக மோதும் இடமும் இதுதான். துண்டுகள் அந்த வரிசையில் நின்றால்தான் தந்திரம் பலிக்கும். பல ஓஎல்இடி மானிட்டர்களில் அப்படி நிற்பதில்லை. ஒரு வகையில் நான்காவதாக வெள்ளைத் துண்டு சேர்கிறது, இன்னொரு வகையில் மூன்றும் முக்கோணமாக உட்கார்ந்திருக்கின்றன. விளைவு, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் ஓரத்தில் மெல்லிய சிவப்போ பச்சையோ விளிம்பு கட்டும். படத்துக்கு அரசனான திரை எழுத்தில் தடுமாறுகிறது. சில விஏ பேனல்களில் துண்டையே இரண்டாகப் பிரித்து, இடைநிறங்களுக்கு ஒரு பாதியை மட்டும் ஏற்றுவார்கள். அங்கேயும் எழுத்தின் ஓரம் சற்று மெத்தென்றாகும். புள்ளி அடர்த்தி கூடக் கூட இந்தக் குறைகள் கண்ணுக்கு எட்டாமல் போகும்.

நீண்ட பக்கங்களைப் பிழைதிருத்துவோர் திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்துக்கொள்வதுண்டு. அப்படித் திருப்பினால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். கிளியர்டைப்பின் பயன் கெடும். டிஎன் திரையைத் திருப்பினால் இன்னொரு வேடிக்கை. மேல்கீழாக இருந்த கோணக் கோளாறு இப்போது இடவலமாகிவிடும். இடக்கண் ஒரு சாம்பலையும் வலக்கண் வேறொரு சாம்பலையும் பார்க்கும். இரண்டையும் ஒட்டவைக்க முயலும் மூளைக்கு அரைமணியில் தலைவலி வந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. திருப்பி வைக்கப் போகிறீர்கள் என்றால் ஐபிஎஸ்தான்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு இதம் என்ற நம்பிக்கை இளைஞரிடம் பரவியிருக்கிறது. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இளையோர், முதியோர் இரு தரப்பும் வெள்ளைமேல் கறுப்பைத்தான் நன்றாகப் படித்தார்கள். ஒளி மிகுந்தால் கண்மணி சுருங்கும், சுருங்கினால் கூர்மை கூடும். கண்மணி விரியும்போது கண்ணின் இயல்பான பிசகுகள் வெளிப்பட்டு, வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பூப்போல ஒளி சிதறும். பார்வைச் சிதறல் (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்கு இது அதிகம். 2007 முதல் 2009 வரை சிங்கப்பூர்வாழ் இந்தியர்களில் 40 வயதைத் தாண்டிய 3,400 பேரிடம் நடந்த கண் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பார்வைச் சிதறல் இருந்தது. விஏ திரையில் கறுப்புப் பின்னணி வைத்துப் பக்கத்தை உருட்டினால் கூடுதலாக ஒரு தொல்லை: கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறக் குச்சிகள் மெதுவாகவே அசையும், எழுத்துகள் வால் முளைத்து இழுபடும்.

மினுமினுப்பு குழாயோடு ஒழிந்துவிடவில்லை. எல்இடி பின்னொளியை மங்கலாக்க, மின்னோட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாக நொடிக்குச் சில நூறு தடவை அணைத்து ஏற்றும் மலிவு முறை இன்னும் சில மானிட்டர்களில் உண்டு. கண்ணுக்கு நேராகத் தெரியாது. சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். திரையை வெள்ளையாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, அதன் முன்னே பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்த மானிட்டரை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். முஸ்தபா சென்டரோ சிம் லிம்மோ, எந்தக் கடையிலும் இதைச் செய்யலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

நீல ஒளியை வடிக்கும் கண்ணாடிகளுக்கு இங்கே நல்ல விற்பனை. 17 சோதனைகளை அலசி 2023இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, அவை கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. சோர்வின் பெரும்பகுதி வேறிடத்தில் இருக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைப்பவர், திரையில் ஆழ்ந்தால் பாதிக்கும் கீழே போய்விடுகிறார். அலுவலகக் குளிரூட்டியின் வறண்ட காற்று முகத்துக்கு நேரே வீசினால் கண்ணீர்ப் படலம் இமைக்கு இமை காய்ந்து உடையும். வெளியே சட்டை நனையும் புழுக்கம், உள்ளே கண் வறட்சி. இது இந்த ஊருக்கே உரிய கூத்து. திரையின் உயரமும் இதில் சேரும். அண்ணாந்து பார்த்தால் இமை அகல விரியும், வறட்சி கூடும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பது நல்லது.

சிங்கப்பூரில் இதைப் பேசினால் கிட்டப்பார்வையைத் தொடாமல் விட முடியாது. இங்கே தொடக்கநிலை ஆறை எட்டும் பிள்ளைகளில் சுமார் 65 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. எந்தப் பேனல் வாங்கினாலும் அது குறையாது. பிள்ளையின் கண்விழி நீண்டு வளர்வதைத் தடுப்பதில் நல்ல சான்றுள்ளது வெளியிலே, பகல் வெளிச்சத்தில் செலவிடும் நேரத்துக்கு. 500 லக்ஸ் அறைக்கும் பல ஆயிரம் லக்ஸ் வீசும் பூங்காவுக்கும் உள்ள தூரத்தை எந்த மானிட்டரும் நிரப்பாது.

பெரியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து வேறு கதை. நாற்பத்தைந்தைத் தாண்டியவர் பலர் மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக ஒரே கண்ணாடியில் செய்து அணிகிறார்கள். கீழ்ப்பகுதி 40 செ.மீ. தொலைவில் பிடிக்கும் புத்தகத்துக்காகச் செய்யப்பட்டது. மானிட்டர் நிற்பது 60, 70 செ.மீ. தொலைவில், கண்ணுக்கு நேரே. எனவே மோவாயைத் தூக்கி, கழுத்தை மடித்து, கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு மாலையில் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். புதிய 4கே திரை வாங்கியும் எழுத்து தெளியவில்லை என்பவர்களில் இவர்கள் கணிசம். கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் வழக்கமான நாற்காலியில் வழக்கமாக உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைவரை உள்ள தூரத்தை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கண் பரிசோதிப்பவரிடம் சொன்னால் அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார். பேனல் மாற்றுவதைவிட அது பல சமயம் மலிவாகவும் முடியும்.